பேரணி நடத்தினால் பிள்ளைகள் போதைப் பக்கம் போகாமல் இருப்பார்களா?

கேள்வி சுருக்கமாக இது: பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகளிடம் போதைப் பழக்கம் கூடிவருவதைப் பார்த்துப் பெற்றோர், ஆசிரியர், இளைஞர் மன்றத்தார் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். ஒரு பேரணி, உறுதிமொழி, கெட்டுப்போன நுரையீரல், கல்லீரல் படங்களோடு ஒரு கண்காட்சி, போதையிலிருந்து மீண்ட ஓர் இளைஞரின் மேடைப் பேச்சு என்று திட்டம். இது பலன் தருமா, மனநலத்தையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளலாமா, வேறு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். பேரணியால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. கண்காட்சியை விட்டுவிடுங்கள். மேடைப் பேச்சையும் நிறுத்திவையுங்கள். அந்த இளைஞருக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது, கடைசியில் வருகிறேன். பிள்ளைகளின் காதில் ஓதுவதைவிட அவர்களுடைய சாயங்காலத்தைக் கவனிப்பதில் உங்கள் உழைப்பு போகட்டும். பள்ளி விட்டதிலிருந்து படுக்கப் போகும்வரை எங்கே இருக்கிறார்கள், யாரோடு இருக்கிறார்கள், மனசு சரியில்லாத நாளில் யாரிடம் போய்ச் சொல்கிறார்கள்? இதை மாற்ற முடிந்த ஊர்களில்தான் போதைக் கணக்கும் மாறியிருக்கிறது.

பயமுறுத்தினால் விலகிவிடுவார்கள் என்று நினைப்பது இயல்புதான். அந்த நினைப்பைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. 1983இல் லாஸ் ஏஞ்சலீஸில் ‘டேர்’ என்ற திட்டம் தொடங்கியது. சீருடையில் போலீஸ்காரர் வகுப்புக்கு வருவார், போதையின் தீமைகளைச் சொல்வார், ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழக்குவார். சில ஆண்டுகளில் நாட்டின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்கு அது பரவிவிட்டது. பெற்றோருக்குப் பிடித்தது, ஆசிரியருக்குப் பிடித்தது, போலீசுக்கும் பிடித்தது. ஆனால் 1994இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளைகளின் பழக்கத்தில் ஏறக்குறைய எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆறாம் வகுப்பில் இந்தப் பாடத்தைக் கேட்டவர்களைப் பத்து ஆண்டு கழித்து, இருபது வயதில், மறுபடி தேடிப்போய் விசாரித்த ஆய்வு 1999இல் வந்தது. பாடம் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் வித்தியாசமே இல்லை. அப்புறம் 2009 வாக்கில் அவர்களே பழைய பாடத்தைத் தூக்கிவிட்டு, முடிவெடுக்கும் பழக்கம், பேசிப் பழகும் திறன் என்று வேறு பாடத்துக்கு மாறினார்கள்.

விளம்பரமும் அப்படித்தான் ஆனது. 1998 முதல் 2004 வரை அமெரிக்க அரசு ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவழித்து இளைஞர்களுக்கான போதை எதிர்ப்பு விளம்பரங்களை நடத்தியது. 2008இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி கஞ்சா பயன்பாடு குறையவில்லை. விளம்பரத்தை அதிகம் பார்த்த சிலரிடம், ‘எல்லோரும் இழுக்கிறார்கள் போலிருக்கிறது’ என்ற எண்ணம் கூடியிருந்ததற்கான அறிகுறிகூடத் தெரிந்தது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பதினைந்து வயதில் ஒருவன் பயப்படுவது முப்பது வருஷம் கழித்து வரப்போகும் கல்லீரல் நோய்க்கு அல்ல. இன்றைக்குச் சாயங்காலம் நண்பர்கள் நடுவே தான் மட்டும் தனியாகத் தெரிந்துவிடுவோமோ என்றுதான் பயப்படுகிறான். ‘இளைய தலைமுறை போதையில் மூழ்கிவிட்டது’ என்று மேடையில் முழங்கினால், நாம் எச்சரிப்பதாக நினைக்கிறோம். அவன் காதில் விழுவது ‘உன் வயதுக்காரர்கள் எல்லோரும் செய்கிறார்கள்’ என்பது. மாணவர்கள் தங்கள் சக மாணவர்கள் குடிக்கும் அளவை உண்மையைவிட அதிகமாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதை பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986லேயே எழுதிவிட்டார்கள். அந்தத் தப்புக் கணக்கை நாமே ஒலிபெருக்கி வைத்து உறுதிசெய்ய வேண்டுமா?

ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் தடுப்புப் பணிக்கான சர்வதேசத் தரநிலைகளை 2013இல் வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பள்ளியில் பலன் தராதவை எவை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு: வெறும் தகவல் சொல்லும் உரை, பயமுறுத்தல், மீண்டவர்களின் அனுபவப் பேச்சை மட்டும் நம்பி நடத்தும் நிகழ்ச்சி. உங்கள் திட்டத்தில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது. வருத்தப்பட வேண்டாம், உலகத்தில் முக்கால்வாசிக் குழுக்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்ததாக யாராவது இதைத்தான் சொல்வார்கள்: ‘பழக்கம் இருக்கிற பசங்களை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு முகாம் போடலாம்.’ வேண்டாம். தடம் புரளும் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் ஆசானாகிவிடுகிறார்கள். டிஷியன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1999இல் எழுதிய கட்டுரையில், இப்படிக் குழுவாகச் சேர்க்கப்பட்ட பதின்வயதினரிடம் புகைப்பழக்கமும் முரட்டுத்தனமும் கூடியதைக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு கலந்தே வையுங்கள். பந்தாட்டக் குழுவில் பத்துப் பேரில் இரண்டு பேராக இருக்கட்டும்.

சரி, பலன் தந்தது எது? எல்லோரும் சுட்டிக்காட்டும் உதாரணம் ஐஸ்லாந்து. 1998இல் அங்கே 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்தைய முப்பது நாளில் ஒருமுறையாவது குடித்துப் போதையாகியிருந்தார்கள். தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23 சதவீதம். கஞ்சாவை ஒருமுறையாவது தொட்டவர்கள் 17 சதவீதம். 2016இல் இவை முறையே 5, 3, 7 சதவீதமாக இறங்கியிருந்தன. இங்கா டோரா சிக்ஃபுஸ்டோட்டிர் உள்ளிட்ட சமூகவியல் ஆய்வாளர்கள் பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் கணக்கெடுத்தார்கள். ஹார்வி மில்க்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் கொடுத்த யோசனை ஒன்றும் பின்னணியில் இருந்தது: போதையில் தேடுகிற கிளர்ச்சியை, சிலர் தேடுகிற மன அமைதியை, பாட்டும் நடனமும் விளையாட்டும் தரட்டும் என்பது.

யோசனை பழசு, புதுசாக ஒன்றுமில்லை. ஆனால் அதை எப்படி நடைமுறையாக்கினார்கள் என்பதில்தான் விஷயம். விளையாட்டுக் குழுக்களுக்கும் இசை வகுப்புகளுக்கும் பொதுப்பணம் போனது. தலைநகர் ரெய்க்யவிக்கில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் இப்படிப்பட்ட வகுப்புக் கட்டணத்துக்கென்றே ஓர் ஆண்டுத் தொகை ஒதுக்கினார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. பயிற்சியாளர்கள் முறையாகப் படித்து, சம்பளம் வாங்கும் ஆட்கள். 13 முதல் 16 வயதுக்காரர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேலும், கோடையில் பன்னிரண்டு மணிக்கு மேலும் பெரியவர் துணையில்லாமல் வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம். புகையிலை வாங்க 18 வயது, மது வாங்க 20. இரண்டுக்கும் விளம்பரத் தடை. வாரக் கடைசி இரவுகளில் பெற்றோர்கள் சிறு சிறு குழுவாகத் தெருவில் நடந்து வந்தார்கள். யாரையும் பிடித்துக்கொடுக்க அல்ல; ‘நேரமாச்சு, வீட்டுக்குப் போங்கப்பா’ என்று சொல்ல. வாரத்தில் நான்கு முறையாவது முறையான விளையாட்டுப் பயிற்சிக்குப் போன பிள்ளைகள் 1997இல் 24 சதவீதம், 2012இல் 42. வேலை நாட்களில் பெற்றோரோடு அடிக்கடி நேரம் செலவிடுவதாகச் சொன்னவர்கள் 23 சதவீதத்திலிருந்து 46 ஆனார்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது எண்தான் முழுக் கதையும்.

ஆனால் ஐஸ்லாந்தை வழிபாட்டுப் பொருளாக்க வேண்டாம். சின்ன நாடு, பணமுள்ள நாடு. அங்கே நடந்தது, திட்டம் இல்லாத ஓர் ஒப்பீட்டுக் குழுவை வைத்துச் செய்த சோதனையும் அல்ல. அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் பதின்வயதினர் குடிப்பது குறைந்துகொண்டுதான் இருந்தது. எவ்வளவு திட்டத்தால், எவ்வளவு காலமாற்றத்தால் என்று யாராலும் துல்லியமாகப் பிரிக்க முடியாது. சட்டத்தையும் பணத்தையும் உங்கள் குழு கொண்டுவர முடியாது. பெற்றோர்களின் நடையையும் ஒப்பந்தத்தையும் கொண்டுவர முடியும்.

ஒப்பந்தம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு வகுப்புப் பெற்றோர்கள் கூடி நான்கைந்து விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்து கையெழுத்துப் போடுவது. எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், பெரியவர் இல்லாத வீட்டில் கொண்டாட்டம் கூடாது, வயது வராத பிள்ளைக்கு யாரும் மது ஊற்றிக்கொடுக்கக் கூடாது, யார் பிள்ளையை எங்கே பார்த்தாலும் அந்த வீட்டுக்குச் சொல்லலாம், சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்படிப்பட்ட கூட்டங்களில் தவறாமல் நடக்கும் ஒரு காட்சி உண்டு. ஓர் அம்மா எழுந்து, “எல்லாரும் பதினொரு மணிக்குத்தான் வர்றாங்களாம். நான் மட்டும்தான் ஒன்பதுக்கே கூப்பிடுறேனாம்” என்பார். இரண்டு வரிசை தள்ளி இன்னொருவர், “என் பையன் உங்க வீட்டைச் சொல்லித்தானே பதினொன்னு கேட்டான்!” என்பார். கூட்டமே சிரித்துவிடும். அன்றைக்கு அந்த இரண்டு வீட்டுக்கும் ஒன்பதரை என்று முடிவாகும். தனித்தனியாக இருந்தவரை பிள்ளைகள் பெற்றோரை ஒருவருக்கு எதிராக ஒருவரை நிறுத்தி ஜெயித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஒப்பந்தத்துக்குச் சட்ட பலம் எதுவும் இல்லை. ஆனால் பிள்ளையின் நண்பனுடைய அப்பா அம்மா யார், அவர்கள் செல்பேசி எண் என்ன என்பது எல்லோர் கையிலும் இருக்கும். அதுவே பாதி வேலை.

கூட்டத்தில் இன்னொன்றையும் பேசிவிடுங்கள், யாருக்கும் பிடிக்காது என்றாலும். பெரியவர்கள் தாங்களே பிள்ளையைக் கடைக்கு அனுப்பி சிகரெட் வாங்கிவரச் சொல்வது, வீட்டு விசேஷத்தில் பிள்ளை முன்னால் பாட்டிலைத் திறப்பது, ‘ஒரு வாய்தானே, குடிச்சுப் பாரு’ என்று வேடிக்கைக்குக் கொடுப்பது. வயது பார்க்காமல் விற்கும் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால் இதை முடித்துக்கொள்வது நல்லது. கடைக்காரரிடமும் போக வேண்டும்தான். தனி ஆளாகப் போகாமல் பெற்றோர்கள் பத்துப் பேராகப் போய், முதல் தடவை மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: கணக்கெடுப்பு. ‘போதைப் பழக்கம் கூடிவருகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பொருள்? எந்த வயதில் தொடங்குகிறது? சிகரெட்டா, ஆவி இழுக்கும் வேப் கருவியா, மதுவா, கஞ்சாவா, வலி மாத்திரையா, முகர்ந்து பார்க்கும் பசையா? பதினொரு வயதில் பசை முகர்வதும் பத்தொன்பது வயதில் கஞ்சா இழுப்பதும் வேறு வேறு பிரச்சினை, வேறு வேறு வேலை. சொந்தக் கணக்கு இல்லாமல் இறங்கினால், யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவருடைய பயம்தான் திட்டமாகும்.

இதை முறைப்படுத்தியவர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹாக்கின்ஸும் ரிச்சர்ட் கேட்டலானோவும். அவர்கள் உருவாக்கிய முறையில் ஊர்க் குழு முதலில் மாணவர்களிடம் கணக்கெடுக்கும், தன் ஊரில் மோசமாக இருக்கும் இரண்டு முதல் ஐந்து காரணங்களை மட்டும் தேர்ந்தெடுக்கும், அந்தக் காரணங்களுக்கு ஏற்கெனவே சோதித்து நிரூபித்த திட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். 2003 முதல் அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் 24 ஊர்களில், பாதி ஊர்களில் இந்த முறையோடும் பாதியில் இல்லாமலும் சோதித்தார்கள். ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில், எட்டாம் வகுப்பு வருவதற்குள் மதுவும் புகையிலையும் புதிதாகத் தொடங்கியவர்கள் இந்த முறை இருந்த ஊர்களில் குறைவு. ஒப்பீட்டோடு செய்த சோதனை என்பதால் ஐஸ்லாந்தைவிட இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

கணக்கெடுப்பு எப்படி என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். தாளில் பெயர், வரிசை எண், கையெழுத்து எதுவும் வேண்டாம். வகுப்பாசிரியர் மேசைகளுக்கு நடுவே உலாவக் கூடாது. முடிந்தால் அவர் வெளியே இருக்கட்டும், குழுவிலிருந்து ஒருவர் நடத்தட்டும். முடித்த தாளை மாணவரே உறையில் போட்டு ஒட்டி, பெட்டியில் போட வேண்டும். பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். விருப்பமில்லாத மாணவர் வெறும் தாளையே மடித்துப் போடலாம். ‘நீ போதைப்பொருள் பயன்படுத்துகிறாயா?’ என்று கேட்காதீர்கள். ‘கடந்த 30 நாளில் எத்தனை நாள் சிகரெட் பிடித்தாய்? ஒரு நாளும் இல்லை, 1–2 நாள், 3–9 நாள், பத்து நாளுக்கு மேல்’ என்று பொருள் வாரியாகக் கேளுங்கள். அதைவிட முக்கியம் சுற்றுப்புறக் கேள்விகள்: நேற்று மாலை பள்ளி விட்டபின் யாரோடு இருந்தாய்? இரவில் நீ எங்கே இருக்கிறாய் என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? உன் நண்பர்களின் பெற்றோரை உன் பெற்றோருக்குத் தெரியுமா? பள்ளியில் மனசுவிட்டுப் பேச ஒரு பெரியவராவது உண்டா? எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்? கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாய்?

ஒரு பள்ளியின் கணக்கு வெளியே போய் அந்தப் பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்தால் அடுத்த வருஷம் கதவு சாத்தப்படும். ஆகவே முடிவு அந்தந்தப் பள்ளிக்கும் அதன் பெற்றோருக்கும் மட்டும். அதுவும் இரண்டு மாதத்துக்குள். ஐஸ்லாந்தில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆறு மாதம் கழித்து வரும் அறிக்கை, காய்ச்சல் இறங்கிய பிறகு வந்த ரத்தப் பரிசோதனை முடிவு மாதிரி. பெரும்பாலும் முடிவில் ஓர் ஆறுதலும் இருக்கும்: தொடாதவர்களே அதிகம். உங்கள் கணக்கிலும் அப்படி வந்தால் அதையே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ‘உங்கள் வகுப்பில் பத்துக்கு எட்டுப் பேர் தொட்டதே இல்லை’ என்ற ஒரு வரி, நுரையீரல் படம் செய்யாததைச் செய்யும். உண்மையாக இருந்தால் மட்டும்.

இனி மனநலம். சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம், ஆனால் ஒன்று சரியானால் மற்றது தானாகச் சரியாகும் என்று நினைக்காதீர்கள். இதற்கும் ஐஸ்லாந்தே சாட்சி. குடியும் சிகரெட்டும் இறங்கிய அதே ஆண்டுகளில், 2006 முதல் 2016 வரை, அங்கே பதின்வயதுப் பெண்களிடம் மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் கூடின. கொரோனா காலத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது: மனச்சோர்வு ஏறியது, பதின்வயதினரின் புகையும் குடிபோதையும் குறைந்தன. வீட்டிலேயே அடைந்திருந்தால் குடிக்க வாய்ப்புக் குறையும், மனசும் வாடும். இரண்டு முள்ளும் எதிரெதிராக நகரலாம் என்பதால் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

ஆனாலும் அடியில் தொடர்பு இருக்கிறது. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று அமெரிக்காவில் கெஸ்லர் குழு 2005இல் வெளியிட்ட பெரிய ஆய்வு சொன்னது. முதல் சிகரெட்டும் முதல் குடியும் வரும் வயதும் அதுதான். தூக்கம் வராதவன், கூட்டத்தில் பேச நடுங்குபவன், வீட்டில் அடி வாங்குபவன் என இவர்களுக்குப் போதை முதல் சில மாதம் மருந்தாகவே வேலை செய்கிறது. அதனால்தான் ‘கெட்டது’ என்று சொன்னால் அவர்கள் நம்புவதில்லை. அவர்களுடைய அனுபவம் வேறு சொல்கிறது.

பள்ளிக்குள் யார் இதைச் செய்வது என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பாடம் பிகாரில் நடந்த ‘சேஹர்’ சோதனை. நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகள். ஒரு பங்குப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஒரு சாதாரண ஆலோசகர், உளவியல் பட்டம் எதுவும் இல்லாதவர், முழுநேரமாக இருந்தார். இன்னொரு பங்கில் அதே வேலையை ஓர் ஆசிரியர் கூடுதலாகச் செய்தார். மீதியில் வழக்கமான வகுப்பு மட்டும். வேலை என்ன? காலைக் கூட்டத்தில் ஒரு பேச்சு, சுவர்ப் பத்திரிகை, பெயர் போடாமல் மனக்குறை எழுதிப் போட ஒரு பெட்டி, மாணவரும் ஆசிரியரும் சேர்ந்த ஒரு குழு, தேவைப்படும் மாணவரோடு தனியாக உட்கார்ந்து பேசுவது. 2018இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு: ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் வெகுவாக மேம்பட்டது, மனச்சோர்வும் கேலிக் கொடுமையும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் செய்த பள்ளிகளில் எந்தப் பலனும் இல்லை. ஆசிரியர்கள் மோசமானவர்கள் என்பதல்ல இதன் பொருள். மதிப்பெண் போடுகிறவரிடம், அப்பாவை அழைத்துவரச் சொல்லக்கூடியவரிடம் யாரும் மனசைத் திறப்பதில்லை. அவருக்கும் பாடம் முடிக்கவே நேரமில்லை. உங்கள் குழுவிடம் பணம் கொஞ்சம்தான் என்றால் மொத்தத்தையும் இப்படி ஓர் ஆளுக்குச் செலவழியுங்கள்.

பட்டம் இல்லாதவர் இதைச் செய்ய முடியுமா என்ற தயக்கம் இருந்தால் ஜிம்பாப்வேயைப் பாருங்கள். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து மனக்கஷ்டம் உள்ளவர்களோடு பேச வைத்தார். 2016இல் வெளிவந்த சோதனையில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அது பெரியவர்களுக்கான திட்டம். ஆனால் பயிற்சியும், மேலே ஒரு மருத்துவரின் மேற்பார்வையும் இருந்தால் சாதாரண மனிதர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் காட்டுகிறது. மேற்பார்வை இல்லாமல் வேண்டாம்.

எல்லா மனநலத் திட்டமும் பலிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பள்ளிகளில் எல்லா மாணவருக்கும், மூச்சையும் எண்ணங்களையும் அமைதியாகக் கவனிக்கும் மனக்குவிப்புப் பயிற்சி கொடுத்த பெரிய சோதனையில், 2022இல் வந்த முடிவின்படி, வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. நிறையப் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டி வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. மாறாக, ஐரோப்பாவில் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில், 11,000க்கு மேற்பட்ட மாணவர்களோடு நடந்த ஒரு சோதனை மூன்று முறைகளை ஒப்பிட்டது. ஆசிரியர்களுக்கு அறிகுறி கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுப்பதும், மாணவர்களை வடிகட்டி மருத்துவரிடம் அனுப்புவதும் பெரிதாக உதவவில்லை. மாணவர்களே சிக்கலான சூழல்களை நடித்துப் பார்த்து, தங்களுக்குள் விவாதித்த முறையில் ஓராண்டு கழித்துத் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. பேச விடுவதற்கும் பேசிக்கொண்டே இருப்பதற்கும் உள்ள தூரம் அது.

குழுவில் இருக்கும் எல்லோருக்கும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டால்தான் வெளியே வரும். ‘இருக்கு’ என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவ உதவிக்குக் கொண்டுபோங்கள், வீட்டில் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டிவையுங்கள். இந்தப் பூட்டு சின்ன விஷயம் இல்லை: இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு, 1995க்கும் 2015க்கும் இடையில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. அடுத்து, தினமும் நிறையக் குடிப்பவரையோ தூக்க மாத்திரைக்கு அடிமையானவரையோ ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டாதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் பார்த்துத்தான் குறைக்க வேண்டும். போதையில் மயங்கிக் கிடப்பவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ‘போலீஸ் கேஸ் ஆகிடுமோ’ என்ற பயத்தில் நண்பர்கள் ஓடிவிடும் அந்த அரை மணி நேரத்தில்தான் உயிர் போகிறது. இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லிவையுங்கள்.

பையில் எதையாவது கண்டுபிடித்துவிட்ட பெற்றோர் உங்களிடம் ஓடிவருவார்கள். அவர்களுக்கு முதல் ஐந்து நிமிடத்துக்கு வார்த்தை வேண்டும். “இது யாருது? எங்கேருந்து வந்துச்சு?” என்று தொடங்கினால் “ஃப்ரெண்டோடது” என்ற பொய்யோடு முடிந்துவிடும். இப்படித் தொடங்கச் சொல்லுங்கள்: “உன் பையில இதைப் பார்த்தேன். எனக்குக் கோபமா இருக்கு, பயமாவும் இருக்கு. இப்ப பேசினா கத்திடுவேன். ராத்திரி பேசலாம்.” ராத்திரி கேட்க வேண்டிய கேள்வி, “ஏன் செஞ்ச?” என்பது அல்ல. “எந்த நேரத்துல இது தேவைப்படுது?” என்று கேட்டுப் பாருங்கள். “தூக்கம் வரலேன்னா” என்று பதில் வந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். “பசங்களோட இருக்கும்போது மட்டும்” என்றால் சாயங்காலத்தை மாற்ற வேண்டிய விஷயம். இரண்டுக்கும் ஒரே அடி, ஒரே மறுவாழ்வு மையம் என்று போனால் முதலாமவனை இழப்போம், இரண்டாமவனைக் கெடுப்போம். பள்ளியிலிருந்து நீக்குவது இரண்டு பேருக்குமே கெடுதல். பகல் முழுக்க வேலையில்லாத ஒரு பிள்ளையைத் தெருவுக்குக் கொடுத்ததுதான் மிச்சம்.

தொடங்கும் வயதைத் தள்ளிப்போடுவதே உங்கள் குறிக்கோளாக இருக்கட்டும். 15 வயதுக்கு முன்னால் குடிக்கத் தொடங்கியவர்கள், 20க்குப் பிறகு தொடங்கியவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிகமாகக் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள் என்று 1997இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சீக்கிரம் தொடங்கியதே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது, ஏற்கெனவே சிரமத்தில் இருந்த பிள்ளைகள்தான் சீக்கிரம் தொடங்குகிறார்கள் என்பதும் உண்மை. ஆகவே இன்னும் கீழே போங்கள். பால்டிமோரில் 1985இல் முதல் வகுப்புப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒழுங்காக இருக்கும் குழுவுக்குப் புள்ளி கொடுக்கும் ஒரு சாதாரண வகுப்பறை விளையாட்டை நடத்தினார்கள். போதை என்ற வார்த்தையே அதில் கிடையாது. அந்தப் பிள்ளைகள் 19, 21 வயதானபோது, குறிப்பாகச் சிறு வயதில் முரடாக இருந்த பையன்களிடம், போதை சார்ந்த சிக்கல்கள் குறைவாக இருந்தன. தடுப்பு வேலைக்கு ஆறு வயது சீக்கிரம் இல்லை.

முதல் ஆண்டில் கணக்கெடுப்பு, ஒரு வகுப்பில் பெற்றோர் ஒப்பந்தம், மாலை நேரத்துக்கு ஒரே ஒரு நல்ல ஏற்பாடு, பள்ளியில் ஓர் ஆலோசகர். இவ்வளவு செய்தாலே அதிகம். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே கேள்விகளை ஒரு வார்த்தை மாற்றாமல் மறுபடி கேளுங்கள், இல்லையென்றால் ஒப்பிட முடியாது. ஊர் அளவில் எண் நகர இரண்டு முதல் ஐந்து ஆண்டு ஆகும். அதற்குள் குழுவில் பாதிப் பேர் சலித்துப் போவார்கள். மாணவர்களையே குழுவில் உறுப்பினராக்குங்கள், வேடிக்கைக்கு ஒருவரை அல்ல, வாக்குள்ள மூன்று நான்கு பேரை. மாலையில் என்ன ஏற்பாடு வேண்டும் என்று அவர்கள் சொல்வது உங்கள் ஊகத்தைவிட எப்போதும் சரியாக இருக்கும்.

மீண்டு வந்த அந்த இளைஞரைப் பற்றி. மேடையில் அவரைப் பார்க்கும் பதினாறு வயதுப் பையனுக்கு, ‘இவ்வளவு ஆடியும் ஆள் நல்லாத்தானே இருக்கார்’ என்று தோன்ற எல்லா வாய்ப்பும் உண்டு. ஐந்நூறு பேர் முன்னால் தன் மோசமான நாட்களை வர்ணிப்பது அவருக்கும் நல்லதில்லை. அடுத்த நாள் தெருவில் அவர் அந்தக் கதையோடுதான் நடக்க வேண்டும். அவர் விரும்பினால், பழக்கத்தில் சிக்கிய பிள்ளைகளின் பெற்றோர் பத்துப் பேரோடு, மூடிய கதவுக்குள், மாதம் ஒருமுறை உட்காரச் சொல்லுங்கள். வீட்டில் முதலில் யாருக்குத் தெரிந்தது, என்ன சொன்னபோது கதவைச் சாத்திக்கொண்டார், என்ன சொன்னபோது திறந்தார், சிகிச்சைக்குப் போன முதல் வாரம் எப்படி இருந்தது, மறுபடி வழுக்கியபோது அப்பா என்ன செய்தார் என்றெல்லாம் அந்தப் பெற்றோர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு அவரிடம்தான் பதில் இருக்கிறது. அந்த வேலைக்கு அவருக்குப் போக்குவரத்துச் செலவாவது கொடுங்கள்.